நாற்பத்திரண்டாவது உறை

ஏழு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். ஷ்லீரன் என்ற ஊரில் எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் சாயினி. கையில் ஒரு கேக் பெட்டி. கேக்கோடு வருகிறவர்கள் ஏதோ கேட்க வருகிறார்கள் என்று அர்த்தம்.

அவள் கேட்டது என் கொப்பிகளை.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவற்றைத் தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாக: இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கிறேன். தேதி, கிழமை, யார், எங்கே, எத்தனை மணிக்கு. முப்பத்துநான்கு கொப்பிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கம் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர்கள், தாங்கள் எந்த மாதம் எந்த வீட்டில் இருந்தோம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். கோயில் தேர் முதன்முதல் எந்த வருடம் ஓடியது என்று இரண்டு பேர் சண்டை பிடித்தால்... தீர்ப்பு என் அலுமாரியில் இருக்கும்.

சாயினி இங்கேயே பிறந்த பிள்ளை. (பெயர் இதுவல்ல. ஏன் என்று போகப் போகத் தெரியும்.) பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். இந்த நாட்டுத் தமிழரின் அன்றாட வாழ்க்கை பற்றி ஆய்வு செய்கிறாளாம். என் கொப்பிகள் முழுவதையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட வேண்டுமாம். கேள்விப்பட்டதும் பேராசிரியருக்கு இருப்புக்கொள்ளவில்லையாம்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ‘உந்த மனுசனுக்கு வேற வேலை இல்லை’ என்று முப்பது வருடமாகக் கேட்டுப் பழகிய காது இது! உடனே ஓம் என்றேன். இரண்டு வாரம் கழித்து வந்து பெட்டியை எடுத்துப்போவதாகச் சொன்னாள்.

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி மலர் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். மலர் பேசாமல் இருந்தால் அதுவும் ஒரு செய்திதான்.

செவ்வாய்க்கிழமை சாயினியின் அம்மா தொலைபேசியில் வந்தார். அவருக்கு வசந்தி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மலரின் பழைய சிநேகிதி; இருவரும் ஒரே சமையலறையில் வேலை செய்தவர்கள். என் முழங்கால் வலியை விசாரித்தார். குளிரை விசாரித்தார். பிறகு குரல் தணிந்தது.

“அண்ணை, அந்த நாளும் உங்கட கொப்பிக்குள்ள கிடக்கோ?”

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த நாளின் தேதி எனக்குத் தெரியும். கிழமை தெரியும். நாங்கள் காரில் ஏறிய நேரமும் தெரியும். ஆனாலும் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, இந்தப் பத்தியில் ஒரு நாளைத் தேதி இல்லாமல் எழுதுகிறேன்.

அன்றைக்கு வசந்தி கருக்கலைப்புக்காக ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வாரங்களுக்குள்தான். காரணம் என்ன? நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்வதாகச் சொன்னார்கள். வசந்தி வேண்டாம் என்றுவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். செவ்வாய்க்கிழமை டாக்டருக்கும் உங்களுக்கும் நடுவில் இருந்தவர், வெள்ளிக்கிழமை கோயிலில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அவருக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே இந்த ஊர் மொழியான டொச் தெரிந்த மலர் கூடப் போனாள். நான் கார் ஓட்டினேன். அவர்கள் உள்ளே இருந்த நேரம், ஐந்து வயதுச் சாயினி என் பொறுப்பில். அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் வாத்துகளைக் காட்டினேன். எந்த ஆறு? அதையும் விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல எழுதினேன்.

வசந்தியோடு பேசிக்கொண்டே அந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். ஏழு வரி. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். பிரிவின் பெயரைக்கூட டொச்சில் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். குறை சொல்லும் ஒரு சொல் அதில் இல்லை. பொய்யும் இல்லை. எல்லாம் சரியாக இருந்தது — அதுதான் பிழை.

பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாமாம். மகள் பக்க இலக்கத்தைப் பார்ப்பாள், இல்லாத பக்கத்தைத்தான் முதலில் தேடுவாள், அதற்குத்தானே படிக்கிறாள் என்றார். அப்படியானால் கொப்பிகளையே கொடுக்கவில்லை என்றேன். அதுவும் வேண்டாமாம். பிள்ளை ஆசையாகத் திரிகிறாள்.

பிறகு என்ன செய்வது? அதையும் அவரிடமே கேட்டேன்.

“அவளுக்குச் சொல்ல வேணுமெண்டா நான் சொல்லுவன் அண்ணை. கொப்பி சொல்லக்கூடாது.”

தொலைபேசியை வைத்த பிறகு நான் 2022ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்தேன். ஜூன் 24, வெள்ளிக்கிழமை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை எடுத்துவிட்ட நாள். அந்த உரிமையைக் கொடுத்ததும் அதே நீதிமன்றம்தான் — 1973 ஜனவரி 22, திங்கட்கிழமை. அப்போது அது சாய்ந்து நின்றது அந்தரங்கம் என்ற ஒரு கருத்தின் மேல். அவர்களுடைய அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை. இருக்கிற சொற்களிலிருந்து நீதிபதிகள் அதைப் பிரித்தெடுத்தார்கள். நாற்பத்தொன்பது வருடம் நின்றது. பிறகு வேறு நீதிபதிகள் வந்து, அங்கே அப்படி ஒன்றும் எழுதியில்லையே என்றார்கள்.

சரி, அந்தரங்கம் என்ற அதே ஆணியில் வேறு என்னென்ன தொங்குகின்றன? கருத்தடை மாத்திரை. இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ செய்துகொள்ளும் கலியாணம். அவற்றைத் தொடமாட்டோம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அவற்றையும் மீளப் பார்க்க வேண்டும் என்று ஒரு நீதிபதி தனியாக எழுதினார். எதை நம்புவது? அந்த நாட்டுக்காரர் இன்றைக்கும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்த கையோடு, மாதவிலக்கு நாட்களைக் கணக்கு வைக்கும் ஆப்களைப் பல பெண்கள், நாளைக்கு அதுவே தங்களுக்கு எதிரான சாட்சியாகலாம் என்று பயந்து, தங்கள் போனிலிருந்து அழிக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதையும் குறித்து, பக்கத்தில் ஒரு கருத்து எழுதியிருக்கிறேன்: ‘மிகையான பயம்.’

எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

அந்தப் பெண்களுக்கு அன்றே விளங்கியது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. ஒரு குறிப்பு எழுதப்படுவது ஒரு சட்டத்தின் கீழே. வாசிக்கப்படுவது இன்னொரு சட்டத்தின் கீழேயாக இருக்கலாம். எழுதிய கையில் கபடம் இல்லை என்பது வாசிக்கிற கண்ணைக் கட்டாது. அவர்கள் பயந்த அந்த ஆப் வேறெங்கும் இல்லை... ஷ்லீரனில், மூன்றாம் மாடியில், மீசை வைத்துக்கொண்டு இருக்கிறது.

இங்கே நிலைமை வேறுதான். இந்த நாட்டு அரசியலமைப்பில் அந்தரங்கம் எழுத்திலேயே இருக்கிறது, பதின்மூன்றாம் உறுப்புரை. வீடு, குடும்பம், கடிதம், தொலைபேசி, நம்மைப் பற்றிய தகவல் எல்லாம் அதற்குள் அடக்கம். பன்னிரண்டு வாரத்துக்குள் கருவைக் கலைக்கலாம் என்ற விதிக்கு மக்கள் வாக்களித்தது 2002 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு என்னிடம் இருந்தது தங்குவதற்கான பெர்மிட் மட்டும், வாக்கு இல்லை. கொப்பியில் குறித்ததோடு சரி. இன்றைக்கு வாக்கு இருக்கிறது. ஒன்பது நீதிபதிகள் கூடி ஒரு காலையில் எடுத்துவிட முடியாது என்பதில் எனக்கு நிம்மதிதான். எழுத்தை மாற்றுவதென்றால் எங்கள் எல்லோருக்கும் தபாலில் வாக்குச்சீட்டு உறை வர வேண்டும்.

ஆனால் வசந்தி பயந்தது நீதிமன்றத்துக்கா? இல்லையே. கோயில் வாசல், பிறந்தநாள் மண்டபம், வாட்ஸ்அப் குழு — அங்கெல்லாம் கூடும் சபைக்கு ஏது உறுப்புரை? அதையும் விட, தன் பிள்ளை தன்னை ஒரு ஸ்கேனர் வழியாக முதன்முதல் தெரிந்துகொள்வதற்குப் பயந்தார்.

அடுத்த நாள் சாயினிக்குப் போன் செய்து, பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: ஆட்களின் சொந்த விசயங்களை ஆவணக் காப்பகங்களில் என்ன செய்வார்கள்? அவள் உற்சாகமாகிவிட்டாள். அப்படிப்பட்டவற்றை இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று மூடி வைப்பார்களாம். பக்கத்தைக் கவனமாக வெட்டி எடுத்து உறையில் போட்டு ஒட்டி, அது இருந்த இடத்தில் ‘மூடப்பட்டுள்ளது’ என்று ஒரு துண்டு வைத்தால் போதுமாம். இதை முதலே சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

“நான் திறக்கமாட்டன் மாமா. எங்கட வேலையில அதுதான் முதல் சட்டம்.”

வெட்டினேன். உறையில் போட்டேன். ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் என் அடுத்த பிழை தெரிந்தது.

முப்பத்துநான்கு கொப்பிகளில் ஒரேயொரு உறை! அதுவும் அவளுக்கு ஐந்து வயதாக இருந்த வருடத்துக் கொப்பியில். அதற்குப் பதிலாக வசந்தியின் வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம்.

மேசையில் வாக்குச் சீட்டுக் கட்டு வந்து கிடந்தது. தபாலில் வாக்களிக்கிறவர்களுக்குத் தெரியும், சீட்டை முதலில் பெயரில்லாத சின்ன உறைக்குள் போட வேண்டும். அந்த மெல்லிய கடதாசியா என் வாக்கைக் காப்பாற்றுகிறது? இல்லை. அதேமாதிரி இன்னும் ஆயிரம் உறைகள் பக்கத்தில் கிடக்கின்றனவே, அவைதான்.

நானும் மலரும் முதலாம் கொப்பியிலிருந்து தொடங்கினோம். அவள் வாசிப்பாள், நான் வெட்டுவேன். அகதி விசாரணையில் யார் என்ன சொன்னார் என்பது. யாருடைய கணவர் எங்கள் சோபாவில் இரண்டு வாரம் படுத்தார் என்பது. யார் எங்கள் மாடிப்படியில் இருந்து அழுதார், எந்த டாக்டரிடம் போனார்... எத்தனை பேருடைய நாட்களை இந்த அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்! யாரிடமாவது ஒரு சொல் கேட்டேனா?

“உங்களை வீட்டுக்குள்ள விட்ட சனம் பாவம்,” என்றாள் மலர்.

ஒரு பக்கத்தை மட்டும் எனக்குக் காட்டாமலே தானே வெட்டி ஒட்டினாள். எழுதியவன் நான்தான். ஆனாலும் எது என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் போவதில்லை.

மொத்தம் நாற்பத்தொரு உறைகள்.

சொன்ன சனிக்கிழமை சாயினி வந்தாள். உறைகளை எண்ணிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு மலர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போகும்வரை காத்திருந்து, பக்கத்தில் வந்தாள்.

“மாமா, ஜிம்னாசியம் பள்ளிக்கூடத்தில படிக்கேக்க பாசல் ஸ்டேஷனில என்னைக் கண்டனீங்கள். நான் தனிய இல்லை. அதையும் எழுதினனீங்களோ?”

எழுதியிருந்தேன். பெடியனின் ஜாக்கெட் நிறம் உட்பட.

நாற்பத்திரண்டாவது உறையை அவளே ஒட்டினாள். பெருவிரலால் அழுத்தி, ஓரம் ஓரமாக. அவ்வளவு கவனமாக யாரும் வாக்குச்சீட்டு உறையைக்கூட ஒட்டி நான் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து வசந்தி போன் செய்தார். சொல்லிவிட்டாராம். டிராமில் போகும்போது, பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, இருவரும் நேரே பார்த்தபடி. முகம் பார்க்காமல் கதைப்பது சுலபமாம். டிராம் மூன்று தரிப்பிடம் தாண்டியதாம். பிறகு மகள் சொன்னாளாம்:

“அண்டைக்கு மாமா எனக்கு ரெண்டு கிப்ஃபெலி பாண் வாங்கித் தந்தவர். ஒண்டை உங்களுக்கு எண்டு வச்சிருந்தனான். நீங்கள் அதைச் சாப்பிடேல்லை அம்மா.”

என் ஏழு வரியில் கிப்ஃபெலி இல்லை. உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் எழுதியவன், அந்தப் பிள்ளை பாணை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்ததை எழுதவில்லை.

தாயும் மகளும் இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய், திரும்பி வந்தார்களாம். வீட்டு வாசலில் வைத்து, அந்த உறையைத் திறக்கட்டுமா என்று மகள் கேட்டிருக்கிறாள். கிடக்கட்டும் என்றிருக்கிறார் வசந்தி. இதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நானும்.

மூடி வைத்ததால்தான் அவரால் தானாகத் திறக்க முடிந்தது. எந்த அரசியலமைப்பின் எந்த உறுப்புரையும் கடைசியில் இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஒரு விசயத்தை எப்போதும் ஒளித்து வைப்பதற்கு அல்ல. யாரிடம், எப்போது, எந்தத் தரிப்பிடத்தில் சொல்வது என்று அவரவரே முடிவு செய்வதற்கு.

அச்சுக்குப் போகும் முன் இதைத் தாயும் மகளும் வாசித்தார்கள். பாசல் ஸ்டேஷன் கதை இருக்கட்டும் என்றாள் சாயினி. அந்தப் பெடியன் இப்போது கதையில் இல்லையாம். வசந்தி இரண்டு வரியை வெட்டச் சொன்னார். வெட்டிவிட்டேன். ஊர், பெயர், படிப்பு எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன்.

ஆனாலும் ஆள் யார் என்று கேட்க உங்களில் சிலர் இப்போதே போனை எடுத்திருப்பீர்கள். எண்ணை அழுத்துவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: இவர்கள் இருவருடையதும் போக, பெட்டியில் மிச்சம் நாற்பது உறைகள் இருக்கின்றன... அதில் ஒன்று உங்களுடையது.