அந்தோணி மறுக்கவில்லை

எங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்ததற்கு அந்தோணிதான் காரணம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். உதவி கேட்டுப் போனபோது, தன் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ‘வரமாட்டோம்’ என்று அவரே சொல்லி அனுப்பிவிட்டதாகச் சாலவாக்கம் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

அந்தோணியிடம் யாரும் உதவி கேட்கவே இல்லை. கேட்டு வரும்படி அனுப்பப்பட்டவள் பாதி வழியில் திரும்பிவிட்டாள்... அவளும் நானே.

ஏன் திரும்பினேன்? அச்சமா? மழையா? வண்டி நின்றுபோயிற்றா? இவற்றில் ஏதேனும் ஒன்று உண்மையாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திராது. நான் யோசித்துத் திரும்பினேன். விளைவுகளை எடைபோட்டுப் பார்த்து, முழு அறிவோடு திரும்பினேன்!

முதலில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவர் வரதராஜன். அவருடைய அரசியலைப் பழமைவாதம் என்பார்கள். அவர் அந்தச் சொல்லுக்குக் கோபிப்பதில்லை. “பழசுன்னா இன்னா, ஊசிப்போனதா?” என்று சிரிப்பார். ஏரி ஏரியாக இருக்க வேண்டும். மேய்க்கால் நிலம் மாடுகளுக்கே இருக்க வேண்டும். கோயில் திருவிழா ஓர் ஆண்டும் தடைபடக் கூடாது. அவருடைய கொள்கை இவ்வளவுதான்.

அவரை எதிர்த்து நின்றவர் சாமுவேல். காலனியைச் சேர்ந்த கட்டட மேஸ்திரி. மேய்க்காலில் ஒரு கிடங்கு வந்தால் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்பது அவருடைய வாதம். மாடு வைத்திருப்பவனுக்கு மேய்க்கால் சரி, மாடும் நிலமும் இல்லாதவனுக்கு என்ன என்று கேட்டார். அதில் நியாயம் இல்லை என்று அன்றும் நான் நினைத்ததில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் பதவிக்கு நிற்பவர் தம்முடைய முதல் ஓட்டை எதிராளியின் வாசலில் போய்க் கேட்க வேண்டும். எதிராளி ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார். அதைக் குடித்த பிறகே தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்கலாம். முன்பு அது நிலம் வைத்திருந்த குடும்பங்கள் தங்களுக்குள் மட்டும் காட்டிக்கொண்ட மரியாதையாக இருந்தது. சாமுவேல் வேட்பாளராக நின்றபோது, காலனிக்குள் நடந்துபோய் அவர் வீட்டு வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தவர் என் பெரியப்பா. உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். “வழக்கம்னா எல்லாருக்கும்தான் வழக்கம்” என்றதோடு அவர் அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார்.

பெரியப்பா இரண்டு தேர்தல்களில் தொடர்ந்து தோற்றார்.

நான் காஞ்சிபுரத்தில் அரசியல் அறிவியலில் முதுகலை முடித்துவிட்டு, ஊருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற தவிப்போடு திரும்பிய ஆண்டில் மூன்றாவது தேர்தல் வந்தது. அவர் தோற்றதற்குக் காரணம் அவருடைய பணிவே என்று முடிவுகட்டினேன். எதிராளி வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு மேடையேறினால், இவர் எதை எதிர்க்கிறார் என்று யாருக்குப் புரியும்? ஒன்றைக் காக்க வந்தவர்கள் மட்டும் ஏன் எப்போதும் தணிந்தே பேச வேண்டும்? நாகரிகமாகத் தோற்றுப்போனால் மேய்க்காலை யார் காப்பது?

இந்தக் கேள்விகளை இன்றும் என்னால் முற்றிலும் ஒதுக்கிவிட முடியவில்லை. அதையும் உங்களிடம் ஒளிக்க விரும்பவில்லை.

சாமுவேல் வாசலுக்கு இந்த முறை போக வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொன்னேன்.

“அவன் வாசலுக்குப் போவாம எப்டிம்மா? காத்துக்கினு இருப்பானே” என்றார் பெரியப்பா.

காத்திருக்கட்டும் என்றேன்.

அவர் போகவில்லை. பிரசாரம் தொடங்கிய மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, மாரியம்மன் கோயில் முனையில் சாமுவேல் எதிரே வந்தார். தம் சைக்கிளை நிறுத்திவிட்டு எல்லோர் முன்னாலும் உரக்கவே கேட்டார்.

“இன்னா வரதண்ணே, இந்தத் தபா நம்ம வூட்டாண்ட வரலியே? சொம்பத் தேய்ச்சி வச்சிக்கினு கீறா எம் பொஞ்சாதி. தண்ணி கசக்குதா, இல்ல தோத்துடுவோம்னு பயமா?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவுக்கும் சிரிப்பு வந்தது, வாய் திறந்தார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையை மெல்ல இழுத்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு அவர் நடந்துவிட்டார். சாமுவேலின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றதை நான் திரும்பிப் பார்த்தேன்... பார்த்துப் பெருமைப்பட்டேன்!

அடுத்தது மேடை. பெரியப்பாவுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தவளும் நானே. கிடங்கு வரட்டும் என்று சாமுவேல் சொன்னதை, ‘மேய்க்காலை விற்கப் பார்க்கிறார்’ என்று மாற்றினேன். இது பொய்யா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முழுப் பொய் இல்லை என்று எனக்கே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வரி சேர்த்தேன். ‘மேய்க்காலை விக்கப் பாக்கறவங்க கால் இனிமே நம்ம ஏரிக்கரை மேல படாது!’

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஏரிக்கரையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் தாங்கிப் பிடித்தவை காலனி ஆட்களின் கைகள்தாம். கரை கசிந்தால் ஊர்த்தலைவர் ஆள் அனுப்பி அழைப்பார். மம்முட்டியோடு வந்து இறங்குவார்கள். அந்த மக்களிடம்தான் ‘உங்கள் கால் படாது’ என்று சொல்லச் சொன்னேன். அந்தச் சொற்கள் எங்கள் பக்கத்தில் எந்தப் பழைய புண்ணைத் தொடும் என்று படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே சேர்த்தேன்.

“இது ஒண்ணு மட்டும் வேணாமே” என்றார் பெரியப்பா.

“இதுக்குத்தான் பெரியப்பா கை தட்டுவாங்க” என்றேன்.

தட்டினார்கள். நாற்காலிகள் மீது ஏறி நின்று தட்டினார்கள்.

வென்றோம். என் கணக்கு சரியாக இருந்தது. ஒருவேளை தோற்றிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ...

அந்த ஆண்டு ஐப்பசி முழுவதும் மழை. ஏரி, மிகுநீர் வழியும் கலங்கல் மட்டத்தையும் தாண்டி நிறைந்தது. ஒரு முற்பகலில் மதகுக்குக் கொஞ்சம் தள்ளிக் கரையின் அடியில் சேற்று நீர் கொப்புளித்தது. எங்கள் தெரு ஆட்கள் மணல் மூட்டைகளைப் போட்டார்கள். போடப் போட அவை சரிந்தன. கைகள் போதவில்லை. வாலாஜாபாத்திலிருந்து பொக்லைன் எந்திரம் கிளம்பிவிட்டது என்றார்கள்.

பெரியப்பா முழங்கால் சேற்றில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

“ஓடும்மா. சாமுவேல இட்டுக்கினு வா. நான் பேசினத மனசுல வச்சிக்காதன்னு சொல்லு. அப்புறமா அவன் வூட்டாண்ட வந்து மன்னிப்பு கேக்கறேன்னு சொல்லு. இப்ப வந்து கரையப் பாருன்னு சொல்லு.”

வண்டியை எடுத்தேன். ஊரையும் காலனியையும் பிரிக்கும் ஓடைமீது ஒரு சிறுபாலம் இருக்கிறது. அங்கே வந்ததும் பார்த்தேன்.

காலனி ஆட்கள் சாலையோரம் நின்றுகொண்டிருந்தார்கள்! தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கைகளில் மம்முட்டியோடு, கண்கள் ஏரிப் பக்கமே இருக்க... அழைப்புக்காக நின்றார்கள். கால் படாது என்று மேடை போட்டுச் சொல்லப்பட்டவர்கள், ஒரு சொல் வந்தால் போதும் என்று நின்றார்கள். மற்றவர்களை விட்டுத் தள்ளி, எல்லோருக்கும் முன்னால் தனியாக நின்றவரை மட்டும் அடையாளம் தெரிந்தது. லோடு ஆட்டோ ஓட்டும் அந்தோணி. என் வண்டியைப் பார்த்ததும் ஓரடி முன்னே வைத்தார்.

நான் பிரேக்கைப் பிடித்தேன்.

அந்தச் சில நொடிகளில் என் மனம் எவ்வளவு தெளிவாக வேலை செய்தது தெரியுமா? இவர்கள் வந்து கரையைக் காப்பாற்றிவிட்டால், நாங்கள் மேடையில் சொன்னது அத்தனையும் ஊர் கண்முன்னே பொய்யாகிவிடும். பெரியப்பா சாமுவேல் வாசலில் மன்னிப்புக் கேட்பார். மறுபடியும் அந்தச் சொம்பு, அந்தப் பணிவு, அந்தத் தோல்வி... கிடங்கு வந்துவிடும், மேய்க்கால் போய்விடும். பொக்லைன் எப்படியும் வந்துவிடும், கரை நிற்கும். ஆகவே இவர்கள் வராமல் இருப்பதே ஊருக்கு நல்லது!

ஊருக்கு நல்லது! இந்தச் சொற்களைத்தான் நினைத்தேன். வண்டியைத் திருப்பினேன்.

“வரமாட்டேன்னுட்டாங்க பெரியப்பா.”

அவர் குனிந்து ஒரு மூட்டையைத் தூக்கினார். பொக்லைன் பாதி வழியில் சாலை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. அது வருவதற்குள் கரை உடைந்தது.

உயிர்ச் சேதம் இல்லை. எத்தனை முறை இந்த வரியைச் சொல்லி என்னை ஆற்றிக்கொண்டிருக்கிறேன்! கரைக்குக் கீழே இருந்த கழனிகள் மணல் மேடாயின. அவற்றில் நாற்று நட்டும் களை பறித்தும் கூலி வாங்கிக்கொண்டிருந்த காலனிப் பெண்களுக்கு வேலை போயிற்று. மிஞ்சிய கழனிகளில்கூட, ‘கரைக்கு வராதவங்க களைக்கு மட்டும் எதுக்கு’ என்று எங்கள் ஆட்கள் அவர்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பேச்சு வளர்ந்து, ஒரு நாள் இரு தரப்பும் கல்லெடுக்கும் அளவுக்குப் போயிற்று.

உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் வைத்தார்கள். நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். நடுவில் தாசில்தார்.

“கூப்புட்டா வராம இருந்துடுவமா சார்? யாரும் கூப்புடல” என்றார் சாமுவேல்.

“பொய் சொல்லாத சாமுவேலு. எங்க வூட்டுப் பொண்ணையே அனுப்பினேன்” என்றார் பெரியப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சாமுவேல் எழுந்து என் அருகே வந்தார். குரலில் கோபம் இல்லை. “நீ சொல்லு கண்ணு. படிச்ச புள்ள நீ. எங்க ஆளுங்கள்ல யாராண்ட சொன்ன? பேரச் சொல்லு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசல் திறந்தே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்கு நினைவில் இருந்த ஒரே முகத்தைத் தேடி எடுத்தேன். எல்லோருக்கும் முன்னால் நின்ற முகத்தை... உதவ ஓரடி எடுத்து வைத்த முகத்தை!

“அந்தோணியண்ணன்கிட்ட சொன்னேன். வரமாட்டோம்னாரு.”

அவர் அங்கேயே, பின்வரிசையில் இருந்தார். பதறி எழுந்தார். “யம்மா! எங்கிட்ட எங்கம்மா சொன்னீங்க? பாலம் வரைக்கும் வண்டி வந்துச்சி. அப்பிடியே திரும்பிப் பூட்ச்சி!”

“வந்துச்சின்னு நீயே சொல்றியேடா!” என்றார் சாமுவேல். அந்தோணி சொன்ன உண்மையே அவருக்கு எதிராகிவிட்டது. மழையில் பின்னால் தள்ளி நின்ற மற்றவர்களால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாமுவேலின் கை அவர் கன்னத்தில் இறங்கியது. பிறகு சாமுவேல் எங்கள் பக்கம் திரும்பினார். “எங்க ஆளு பண்ண தப்பு. மன்னிச்சிக்க வரதண்ணே.” பெரியப்பா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். இருவர் கண்களும் கலங்கியிருந்தன.

சமாதானம் ஆயிற்று. காலனிப் பெண்களுக்குக் கழனி வேலை திரும்பக் கிடைத்தது. இரு தெருவாரும் சேர்ந்தே கரையைக் கட்டினார்கள். அந்தோணியை மட்டும் இரு பக்கத்தாரும் ஒதுக்கினார்கள். அவருடைய ஆட்டோவுக்கு யாரும் சுமை கொடுக்கவில்லை. குடும்பத்தோடு வாலாஜாபாத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது உண்மையைச் சொன்னால் அந்தச் சமாதானம் என்ன ஆகும்? பெரியப்பா என்ன ஆவார்? மறுபடியும் கல்லெடுப்பார்களா? பாருங்கள்... இன்னும் எடைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பக்கத்து ஊர்களிலிருந்து எங்கள் கொள்கைக்கார இளைஞர்கள் வருகிறார்கள். எதிர்த்தரப்பை இன்னும் காரமாகத் தாக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். கொள்கையை எதிர்த்து எவ்வளவு உரக்க வேண்டுமானாலும் பேசலாம், அழைக்க வேண்டிய நாளில் அழைக்க முடியாதபடி மட்டும் பேசிவிடாதீர்கள் என்று சொல்ல நினைப்பேன். எந்தத் தகுதியில் சொல்வது? எங்களால் அழைக்க முடியாதபடி செய்தது பேச்சு மட்டும்தானா? தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

சென்ற மாதம் வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் அந்தோணியைப் பார்த்தேன். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். தோளில் உமித்தூள் படிந்திருந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. தயங்கித் தயங்கி அருகே வந்தார்.

“யம்மா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல கீது. அன்னிக்கிப் பாலத்தாண்ட வண்டிய நிறுத்தினீங்களே... அப்ப அங்கிருந்தே கையக் காட்டி ஏதாச்சும் கூப்புட்டீங்களா? மழையில எனக்குத்தான் தெரியலியா? ரோசிச்சி ரோசிச்சி ஒரே பேஜாரா கீதும்மா.”

என் பேருந்து வந்து நின்றது. நடத்துநர் உத்திரமேரூர், உத்திரமேரூர் என்று கூவினார்.

“இருக்கலாம்ணா” என்றேன்.

இருக்கலாம்! எத்தனை படித்திருக்கிறேன் நான்!

அவர் மெல்லத் தலையசைத்தார். பல நாள் குழப்பம் தீர்ந்தவரைப் போல ஒரு பெருமூச்சு விட்டார். “அப்ப எம்மேலதாம்மா தப்பு. நாந்தான் சரியா பாக்கல” என்றார். என் பையை வாங்கிப் படியில் ஏற்றி வைத்தார்.

பேருந்து கிளம்பியது. நான் சொன்ன பொய்யை இப்போது அந்தோணியும் நம்புகிறார்.