மூன்று குதிரையும் என் இரண்டு மாடும்

எங்கள் பக்கத்துக்கு மோட்டார் சைக்கிள் வந்த புதிது. முக்கூடல் சாலையில் ஒருவர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு என் மாட்டுவண்டியை முந்தினார். முறுக்கு மீசை, கோட்டில் ஒரு ரோஜா.

அடுத்த மேட்டில் அவர் வண்டி முக்கி முனகியது. குதித்திறங்கி, கூடவே ஓடித் தள்ளினார். நான் பைய முந்தினேன். சமதளத்தில் அவர் மறுபடி முந்தினார். மேட்டுக்கு மேடு இதே கதை.

"மூணு குதிரை பலம்னு சொல்லுதாவளே, வே?" என்றேன்.

"ஓடுததுக்குத்தான் குதிரை, அண்ணாச்சி. மேடு ஏறணும்னா நாந்தான்" என்றார் மூச்சிரைக்க.

பெண் பார்க்கப் போகிறாராம். தரகர் இந்த வண்டியைச் சொல்லித்தான் சம்பந்தமே பேசினாராம். பெண்ணின் ஊருக்கு முன்னால் வாய்க்கால் கரை செங்குத்தாக நின்றது. அதைக் கண்டதும் அவர் முகம் வாடியது.

"உச்சி வரைக்கும் ஒம்ம மாட்டுல கெட்டி இழுத்திரும். அங்கன இருந்து நான் பாத்துக்கிடுதேன்."

இழுத்து விட்டேன். கயிற்றை அவிழ்த்தார், வியர்வையைத் துடைத்தார், இறக்கத்தில் படபடவென்று ஊருக்குள் போனார். ஊரே வாயைப் பிளந்தது.

பின்னாலேயே நான் பெண் வீட்டு வழியாகப் போனபோது, "வே, மாட்டை ஓரமா நிறுத்தும்! மாப்பிள்ளை வண்டி நிக்குதுல்லா" என்று அதட்டினார் பெண்ணின் தகப்பனார்.

மாப்பிள்ளை எழுந்து வந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பிறகுதான் கவனித்தேன், கும்பிடும்போது அவர் கண் என் மாடுகள் மேல் இருந்தது.