குடும்பத்தோட பார்க்கலாமா?

காலையில அஞ்சரைக்கு என் ஜீப்பு கிளம்பும். போடியில இருந்து மலை மேல மெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போற பொம்பளையாளுகளை எறக்கி விட்டுட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிட்டு வர்றது என் சோலி. இருபது வருசமா இதே ரோடுதான். வளைவுக்கு வளைவு வண்டிக்குள்ள சினிமாப் பேச்சு ஓடும். புதுப் படம் எது வந்தாலும் மொத நாளே நான் தனியாப் போய்ப் பார்த்துருவேன். மறுநாள் ஜீப்புல ஏறுறப்பவே கேப்பாக, "அண்ணே, குடும்பத்தோட பார்க்கலாமா?" நான் தலையாட்டினாத்தான் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போவாக. எனக்கு அதுல ஒரு பெருமை இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

குடும்பப் படம்னு போஸ்டர்ல போட்டா, கொட்டகைக்குள்ள உக்காந்ததும் நான் தேடுறது அந்தக் கதையில வர்ற அம்மாவைத்தான். அந்தம்மா மொதப் பாட்டு முடியறதுக்குள்ள ரெண்டு தடவை இருமிட்டா சோலி முடிஞ்சது. இடைவேளைக்குப் பெறகு மாலை போட்ட போட்டோதான். நாப்பது பேரு ஒரே பந்தியில உக்காந்து சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிடுவாக. எந்திரிச்சுப் போய் அத்தனை பாத்திரத்தையும் யாரு கழுவுறான்னு ஒரு டைரக்டரும் இதுவரைக்கும் காமிச்சதில்ல. வெட்டுக்குத்து இல்ல, கட்டில் காட்சி இல்ல, அதனால குடும்பப் படமாம். நல்லா இருந்த வீட்டை ரெண்டரை மணி நேரம் அழவச்சு அனுப்புறதுக்கு என்ன பேரு?

அதனால எங்க வீட்டு டிவியில ரிமோட்டு என் கையை விட்டுப் போகாது. மக வளர்ற வயசுல, படத்துல ரெண்டு பேரு நெருங்கி நின்னாலே சேனலை மாத்திருவேன். யாராவது சாகப் போறான்னு தெரிஞ்சாலும் மாத்திருவேன், இல்லேன்னா சத்தத்தையாவது அமுக்கிருவேன். வீட்டுக்காரி மகளைப் பார்த்துச் சிரிப்பா. "உங்கப்பா மிச்சம் வச்ச படந்தான் நமக்கு"ன்னு சொல்லுவா. அவளுக்கு அதுல கோவமெல்லாம் கெடையாது. என் சுபாவம் அப்படின்னு விட்டுட்டா.

அவ ஒரு ஏலக்காய்க் கடையில காய் பொறுக்குற வேலைக்குப் போய்க்கிட்டு இருந்தா. மொறத்துல கொட்டி, நல்ல பச்சைக் காயை ஒரு பக்கம், வெளுத்ததும் வெடிச்சதும் ஒரு பக்கம்னு பிரிக்கணும். பதினஞ்சு பேரு உக்காந்திருந்தாலும் இவ பிரிச்ச காயை யாரும் திரும்பத் தொட்டுப் பார்த்ததில்ல. அப்பேர்ப்பட்டவ பிரிச்ச பச்சைக் காயில ஒரு நாள் வெளுத்த காய் கலந்து கெடந்துச்சு. மறுநாளும் அப்படித்தான். கூட இருந்தவளுக வெளையாட்டுக்குச் செய்யிறான்னு நெனச்சிருக்காளுக. மூணாம் நாளு இவளே மொறத்தைத் தள்ளி வச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டா. எல்லாம் ஒரே நெறமாத் தெரியுதுங்கன்னா.

பெரிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். சொட்டு மருந்து ஊத்தி அவளைக் கண்ணை மூடி உக்கார வச்சுட்டு, டாக்டரு என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டாரு. கண்ணுல அழுத்தம், போன பார்வை போனதுதான், எந்த ஆபரேசன்லயும் திரும்ப வராதுன்னு பொறுமையாத்தான் சொன்னாரு. மிச்சம் இருக்கிறதை மருந்து போட்டுக் கொஞ்ச நாளு இழுத்துப் பிடிக்கலாம், அது எவ்வளவு நாளைக்குன்னு உறுதியாச் சொல்ல முடியாதுன்னாரு. அவகிட்டயும் அவரே சொல்றேன்னாரு. வேணாங்க, நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டு வெளிய வந்தேன். கண்ணை மூடிக்கிட்டே அவ கேட்டா, என்ன சொல்றாருன்னு. காய் சீசன் முடியட்டும், ஒரு ஆபரேசன் பண்ணுனாச் சரியாப் போகும்னாருன்னு சொல்லிட்டேன். அப்பவும் என் கையில ரிமோட்டு இருந்த மாதிரிதான்.

அதுக்கப்புறம் அவளுக்கு ஏழு மணி சீரியல்தான் துணை. மாய மந்திரக் கதை. எனக்கு அந்த மாதிரி சீரியலைக் கண்டாலே ஆகாது. கம்ப்யூட்டர்ல செஞ்ச பாம்பு தோட்டத்துத் தண்ணிக் குழாய் மாதிரி நெளியும். ஒருத்தி திரும்பிப் பார்த்தா அதை மூணு தடவை காமிப்பான். ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வாசலைத் தாண்டுறதுக்கு ஒரு வாரம். செத்தவ வேற சேலை கட்டிக்கிட்டுத் திரும்பி வருவா, வீட்ல ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாது. சாகுறதுக்கும் மதிப்பில்ல, பொழைக்கிறதுக்கும் மதிப்பில்ல. இம்புட்டு வஞ்சாலும் அவளுக்காகப் பக்கத்துல உக்காந்து, இப்ப விளக்கு அணையுது, இப்ப சிலை கண்ணைத் தொறக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். பாதி நேரம் பேச்சே இருக்காது, வெறும் தடதடன்னு மேளந்தான். நான் சொன்னாத்தான் அவளுக்குக் கதை.

இதுக்கு நடுவுல மகளுக்குப் பொம்பளைப் பிள்ளை பொறந்துச்சு. தலைப்பிரசவம், நாங்கதான் பார்த்திருக்கணும். இவ கண்ணு இப்படி இருக்கேன்னு திருப்பூர்ல மாமியா வீட்லயே வச்சுப் பார்த்துட்டாக. இவளுக்கு அது பெரிய கொறை. ரெண்டாம் மாசம் மக போன் பண்ணி, பிள்ளையைத் தூக்கிட்டு வர்றேம்மான்னா. இவ வேணாம்னுட்டா. "ஆபரேசன் முடியட்டும் ஆத்தா, அப்புறம் கொண்டா. மொத மொத பார்க்கிறப்ப மசமசன்னு பார்க்க மாட்டேன், தெளிவாப் பார்க்கணும்"னா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வாயைத் தொறக்கல. போன்ல வந்த போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டேன்னு திருப்பிக் குடுத்துட்டா. காய் சீசன் முடிஞ்சுச்சு. டாக்டரு வெளியூர் போயிருக்காருன்னேன். அப்புறம் மழைக்காலத்துல கத்தி வைக்க மாட்டாகளாம்னேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக் குடுத்துக்கிட்டே, ஆஸ்பத்திரிக்குப் போன நாள்ல இருந்து ஒரு வருசம் ஓட்டிட்டேன். சொட்டு மருந்து விடாம ஊத்தியும் அவ பார்வை பொழுதடையற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா அடைஞ்சு, கடைசியில வெளிச்சம் எந்தப் பக்கம்னு தெரியறதோட நின்னுபோச்சு.

அந்தச் சீரியல்ல கண்ணு தெரியாத ஒரு தாய் வந்தா. மலை உச்சியில ஒரு நீலக்கல்லு, அதைக் கண்ணுல வச்சாப் பார்வை வந்துரும், மக அதைத் தேடிப் போறான்னு நாலு மாசமா இழுத்தானுக. இவ அந்தத் தாய்க்காகச் சாமி கும்பிட ஆரம்பிச்சுட்டா. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வரும். ஒரு நாளு, மக கல்லோட வீட்டு வாசலுக்கு வர்றா, மந்திரவாதி ஊதுறான், கல்லு ரெண்டாப் பொளக்குது, அந்தத் தாய் படியில விழுந்து சாகுறா. விழறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கை தானாச் சத்தத்தை அமுக்கிருச்சு. என்னாச்சுங்கன்னு அவ கேட்டா. மலையில மேகம் எறங்கிருச்சு, டிஷ்ல சிக்னல் போச்சுன்னேன். மழைன்னா எங்க பக்கம் அது வழக்கந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, படம் மட்டும் வருது, அந்தம்மா கண்ணைத் தொறந்து மகளைப் பார்த்துட்டான்னும் சொல்லித் தொலைச்சேன். அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டா.

மறுநாள் சாயங்காலம் நான் வர்றப்ப டிவி ஓடல. பக்கத்து வீட்டுக்காரம்மா மாவு வாங்க வந்தவ, பாவம் அந்தத் தாயைக் கொன்னுட்டானுகளேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. இவ சொவத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. நான் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டதும் பேசுனா.

"நேத்து மழையே இல்லயேங்க. கதவு தொறந்துதான் கெடந்துச்சு, ஒரு ஈரக்காத்துகூட வரல. கேட்டா உங்களுக்குச் சங்கடம்னு விட்டுட்டேன்."

அவ மனசு நோகக் கூடாதுன்னுதான் மாத்திச் சொன்னேன்னேன். அவ அதைக் காதுல வாங்கல.

"டாக்டரு அன்னிக்கு என்ன சொன்னாரு?"

என்னால அதுக்கு மேல முடியல. நின்ன எடத்துலயே உக்காந்து, அவரு சொன்னதை ஒரு சொல்லு விடாம அப்படியே சொன்னேன். வைவான்னு நெனச்சேன், அடிச்சாக்கூட வாங்கிக்கத் தயாரா இருந்தேன். ரொம்ப நேரம் சேலை ஓரத்தை விரலால நீவிக்கிட்டே இருந்தா.

"பிள்ளை பொறந்தப்ப எனக்கு உள்ளங்கை அகலத்துக்காவது பார்வை இருந்துச்சுங்க"ன்னா. "ஒரு பச்சப்பிள்ளை மொகத்துக்கு அது போதும்."

அன்னிக்கு நான் அழுத மாதிரி எங்கப்பா செத்தப்பக்கூட அழுததில்ல. பாவி, இருபது வருசமா ஊருக்கெல்லாம் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாதுன்னு சொன்னவன், என் வீட்ல பார்த்தே ஆக வேண்டிய ஒண்ணை மறைச்சுட்டேன். மகளுக்கு அவளே போன் பண்ணுனா. ஆபரேசன் கெடையாதாம், வெரசா பிள்ளையைத் தூக்கிட்டு வான்னா. வேற ஒண்ணும் சொல்லல.

மக அடுத்த ஞாயித்துக்கெழமை வந்தா. பிள்ளைக்கு ஒரு வயசு முடியப்போகுது. புது எடம்னு மொதல்ல வீல்னு அழுதுச்சு, அப்புறம் பாட்டி மடியில அமைதியாயிருச்சு. இவ காய் பொறுக்குற மாதிரி நுனி விரலால நெத்தியில ஆரம்பிச்சு மெதுவாத் தடவிக்கிட்டு வந்தா. நான் நின்ன வாசப் பக்கம் மொகத்தைத் திருப்பி, "சொல்லுங்க, உள்ளதைச் சொல்லுங்க"ன்னா.

பக்கத்துல போய் உக்காந்தேன். மாநெறம், என்னைய விடக் கொஞ்சம் வெளுப்புன்னேன். மூக்கு சப்பை, முடி செம்பட்டை. எடது புருவத்துக்கு மேல மொளகு அளவுக்கு ஒரு மச்சம். காது ரெண்டும் தூக்கிக்கிட்டு இருக்கு, அவ்வளவு அழகுன்னு சொல்ல முடியாதுன்னேன். அதையும் சொன்னேன். அப்பத்தான் பிள்ளை எதையோ பார்த்துச் சிரிச்சுச்சு. வலது கன்னத்துல மட்டும் ஒரு குழி விழுந்துச்சு. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போன அன்னிக்கு இவ கன்னத்துல நான் பார்த்த அதே குழி. குழி விழுது, அப்படியே உனக்கு விழுற மாதிரின்னு சொன்னேன்.

அவ விரலு தாடையில நின்னுச்சு. அதுக்கு மேல போகல. மக இருந்த பக்கம் தலையைத் திருப்புனா.

"ஏத்தா, உங்கப்பா சொல்றது நெசந்தானா?"

ஆமாம்மான்னா மக. அதுக்கப்புறந்தான் அவ விரலை அந்தக் கன்னத்துல வச்சா.