எங்கள் வக்கீல் ஒய்.பி. ஆனார்

ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது எங்களுக்காகக் கோர்ட்டில் நின்றவர் சிரம்பான் வக்கீல் ஒருவர். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர். வழக்கு முடியும்வரை இடிக்கக் கூடாதென்று தடை வாங்கித் தந்தார். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில், கோயில் தலைவரான என் அப்பா அவர் தலையில் பட்டுத் துணி சுற்றிப் பரிவட்டம் கட்டினார். அதுவரை கங்காணி குடும்பத்தைத் தாண்டி யாருக்கும் அந்த முதல் மரியாதை போனதில்லை.

அடுத்த தேர்தலில் நின்றார், ஜெயித்தார், நாடாளுமன்றத்துக்குப் போய், மலேசியாவில் எம்.பி.க்களை மரியாதையாக அழைக்கிறபடி, ஒய்.பி. ஆகிவிட்டார். நன்றி சொல்ல வந்தவர் கோயில் வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார்.

"பெரியவரே, இனிமே கோர்ட்டுக்கு வர எனக்கு நேரமிருக்காது. கேஸ வேற லாயர்கிட்ட மாத்திக்குங்க."

அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "பரிவட்டம் கட்டுன தலைய விட்டுட்டு இன்னொருத்தன்கிட்ட போறதா? சாமி குத்தம் லா ஒய்.பி.! நீங்க பாத்துக்குவீங்க."

'இல்லை, வேற லாயர்கிட்ட போய்த்தான் ஆகணும்' என்று அந்த மனிதர் அழுத்திச் சொல்லியிருக்கலாம். சிரித்தார், படம் எடுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு முறைப்படி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். சட்டப்படி அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. படித்த படிப்பு அப்படி.

செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்து, வேறு வக்கீலைப் பார்ப்போம் என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"நாட்டுக்கே சட்டம் போடுற எடத்துல நம்ம ஆளு உக்காந்திருக்காரு. நம்ம லயத்த எவன் தொடுவான்?" என்றார்.

லயமே தலையாட்டியது. விசாரணை அன்று எங்கள் பக்கம் நிற்க ஆளில்லை. தீர்ப்பு எதிராக வந்தது.

இடிக்கும் இயந்திரம் வந்த காலையில் ஒய்.பி.யும் வந்தார், பின்னால் கேமராக்கள். இயந்திரத்தின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார். பொய் சொல்வானேன், நானே கையெடுத்துக் கும்பிட்டேன். வீடு தப்பிவிட்டது என்று நம்பினேன். போலீஸ்காரர்களோடு மலாயில் ஏதோ பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மத்தியானம் வரைக்கும் டைம் வாங்கியிருக்கேன். சாமானெல்லாம் எடுத்துக்குங்க."

ஜனம் கைதட்டியது. வீட்டை இடிக்க நேரம் குறித்துத் தந்தவருக்குக் கைதட்டிய மகா ஜனங்கள் நாங்கள். முதலில் தட்டியவர் அப்பா.

தட்டிய கையோடு மோட்டாரை எடுத்துக்கொண்டு தம்பின் டவுன் பாசாருக்குப் போய்விட்டார், ஒய்.பி.க்கு மாலை வாங்க. கட்டிலையும் அடுப்பையும் செத்துப்போன அம்மாவின் படத்தையும் நான் ஒருத்தியாக லோரியில் ஏற்றினேன். பீரோவை என்னால் அசைக்க முடியவில்லை. கேமராக்காரர்கள் கிளம்பியதும் ஒய்.பி.யும் கிளம்பினார். மத்தியானம் சொன்னது சொன்னபடி இடித்தார்கள்.

அப்பா திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் பலகையும் தகரமும் குவிந்து கிடந்தன. கையில் கனமான ரோஜா மாலை. குவியலைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, ஒய்.பி. ஏதாச்சும் சாப்ட்டுட்டுப் போனாரா?"