நடத்தைக்கு ஓலை வாசித்த நாள்

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியதற்கு எங்கள் தலைமையாசிரியர் எனக்குக் கொடுத்த பரிசு, திருட்டுப் பட்டம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் பள்ளியில் அந்த ஆண்டுதான் பிளஸ் ஒன் திறந்தார்கள். நான் அங்கேயே சேர்ந்து அவர் பள்ளிக்குப் பேர் வாங்கித் தர வேண்டுமாம். எனக்கோ அம்பத்தூர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப் படிக்க ஆசை. டி.சி. கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்.

அம்பத்தூரில் கிளார்க் அதைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நடத்தை என்ற இடத்தில், 'அரையாண்டுத் தேர்வில் பார்த்து எழுதிப் பிடிபட்டவர்' என்றிருந்தது. அடப்பாவி! என் விடைத்தாளைப் பார்த்து நாலு பேர் எழுதியிருப்பார்கள், நான் யாருடையதைப் பார்ப்பது?

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேற டி.சி. கொண்டாங்கம்மா. இல்லன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்று என்னோடு வந்திருந்த அம்மாவிடம் சொன்னார் கிளார்க்.

அப்பா வழக்கம்போல, "பெரிய மனுசன்கூட இன்னாத்துக்கு மல்லுக்கட்டுற? இங்கியே படிக்கட்டும்" என்றார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு பூந்தமல்லிக்கு பஸ் ஏறினார். கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீலைப் பிடித்தோம்.

"மானநஷ்ட வழக்கு போடலாம்மா" என்றார் வக்கீல். "அம்பத்தூர் கிளார்க் படிச்சிட்டார், அதனால வெளியே பரவினதுதான். ஆனா உங்க ஹெட்மாஸ்டர், 'என் கடமை, நல்லெண்ணத்துல எழுதினேன்'னு சொல்வார். பொய்னு தெரிஞ்சே எழுதினார்னு நாமதான் காட்டணும். பார்த்தவங்க யாராவது சாட்சி சொல்லுவாங்களா? அப்படியே போட்டாலும் தீர்ப்பு வர வருஷக்கணக்கா ஆகும்."

வெள்ளிக்கிழமை எங்கே, தீர்ப்பு எங்கே? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அம்மாவோ பஸ்ஸில் சாட்சி, சாட்சி என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை பள்ளி அலுவலகத்தின் முன் டி.சி. வாங்கவும் பிளஸ் ஒன் சேர்க்கவும் ஒரே கூட்டம். ஆசிரியர்களும் இருந்தார்கள். அம்மா நேராகத் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்று டி.சி.யை நீட்டினார்.

"சார், இத்தக் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

"இன்னாம்மா இது? உள்ள வாங்க, பேசிக்கலாம்."

"உள்ள பேசற சமாச்சாரத்த அம்பத்தூர்க்காரன் படிக்கச் சொல்லி எயுதிக் குடுத்தீங்களே சார். நம்ம ஊருக்கும் தெரியட்டும்."

அவரும் நாங்களும் ஞாயிறுதோறும் ஒரே மாதா கோயிலில் பூசை காண்கிறவர்கள். அங்கே கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கேட்பார்கள். அம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பூசையில் ஓலை வாசிக்கிற பாதிரியாரின் அதே தொனி.

"அரையாண்டு பரீட்சையில எம்பொண்ணு பாத்து எயுதிப் புடிபட்டுச்சாம். பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"ரெண்டாவது ஓலை! பாத்தவங்க சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியரின் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"மூணாவது ஓலை!"

எங்கள் கணக்கு டீச்சர் முன்னால் வந்தார். "அரையாண்டுப் பரீட்சை முழுக்க இவ எழுதின ஹால்ல நான்தான் இருந்தேன். அவ தலையக்கூட நிமிர்த்தல. சார் இந்த டி.சி. எழுதறப்ப, இத நான் அப்பவே சொன்னேன்."

அப்பவே சொன்னேன்! பொய்யென்று தெரிந்தே எழுதினார் என்பதற்கு வக்கீல் கேட்ட சாட்சி இதுதானே! எனக்கு டீச்சரின் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

"கேட்டீங்களா சார்? பூந்தமல்லியில வக்கீல் ரெடியா கீறாரு" என்றார் அம்மா.

தலைமையாசிரியர் அங்கேயே மேசை முன் உட்கார்ந்து, பழையதை ரத்து செய்து, புது டி.சி. எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். அம்மா கை நீட்டவே இல்லை.

"வாசிங்க சார்."

மனிதர் தொண்டையைச் செருமினார். "நடத்தை... மிக நன்று."

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்."

"மிக நன்று!" என்று கத்தினார் தலைமையாசிரியர்.