வெண்ணெய் உருகிய காலை

வெண்ணெய் கருகும் வாசனை எங்கே வந்தாலும் இன்றும் நான் அங்கிருந்து விலகிப் போய்விடுவேன். கொச்சி மட்டாஞ்சேரியில் அப்பா வேலை பார்த்த மிளகுக் கிடங்கை இழுத்து மூடிய மழைக்காலம் அது. எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு வேலை அமையாவிட்டால் அப்பா திருப்பூருக்கும் நான் பாலக்காட்டு அத்தை வீட்டுக்கும் போவது என்று முடிவாகியிருந்தது.

ஃபோர்ட் கொச்சியில் காப்பிக்கடை வைத்திருந்த 'சேச்சி' ஒருத்தி அம்மாவுக்குக் குரோசான் செய்யக் கற்றுக்கொடுத்து, சின்ன ஓவனையும் தந்து, ஞாயிறு காலை இருபது கொண்டுவந்தால் வேலை தருவதாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பிறை ரொட்டி வியன்னாவில் பிறந்ததாம். அங்கிருந்து வந்த ஒருவர் பாரிஸில் கடை போட, பிரெஞ்சுக்காரர்கள் அதை வெண்ணெய் வைத்து மடிப்பு மடிப்பாக்கித் தமதாக்கிக்கொண்டார்களாம். ஆனாலும் அந்த வகைப் பண்டங்களுக்கு இன்றும் வியன்னா பேர்தானாம். அப்பா சிரித்தார். "நம்ம கதைதான். இங்க தமிழன்னு 'பாண்டி'ம்பான், அங்க தமிழ்நாட்டுக்குப் போனா மலையாளத்தான்பான்."

ஞாயிறு விடிந்ததும் அம்மா பிறைகளைத் தட்டில் அடுக்கி, முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் அதற்குப் பதில் மேலே பால் தடவி, "கையை வெக்காதே, தானே பொங்கட்டும்" என்று சொல்லிக் குளிக்கப் போனாள். மழையில் இட்லி மாவு பொங்காவிட்டால் பாத்திரத்தை அடுப்போரம் நகர்த்துவது எங்கள் வீட்டு வழக்கம். பிறைகள் அசையாமல் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பதறியது. தட்டை வெந்நீர் அடுப்போரம் தள்ளிவைத்துவிட்டேன். குளியலறைக் கதவு திறந்ததும் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அதற்குள் மடிப்புக்குள் இருந்த வெண்ணெய் முழுக்க உருகித் தட்டில் குளமாக நின்றது. அம்மா அப்படியே ஓவனில் வைத்தாள். வெண்ணெய் கருகி, வறட்டி மாதிரி வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஈசுவரா! என் கைக்கு ராசியே கெடையாது." நான் வெண்ணெய்த் தட்டைக் கழுவி வைத்தேன். வேலை அன்றே வேறொருத்திக்குப் போயிற்று.

அப்பா திருப்பூருக்குப் போய் அங்கேயே காலமானார்; நான் அத்தை வீட்டில் வளர்ந்தேன். அம்மா மட்டாஞ்சேரியில் நாலு வீட்டில் சமைத்துக் காலம் தள்ளினாள். நாங்கள் மூவரும் மறுபடி ஒரே வீட்டில் இருக்கவே இல்லை. கிடங்கு இன்று தங்கும் விடுதி. அந்தச் சமையலறையும் இடிந்துபோயிற்று. அதன் பிறகு அம்மா பொங்கவைக்கிற எந்த மாவிலும் கைவைத்ததில்லை. இட்லிக்குக்கூடக் கடை மாவுதான்.

போன வாரம் வைட்டிலாவில் ஒரு பேக்கரியில் அம்மா குரோசானை மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னோடது மட்டும் ஏண்டி உருகித்து? வெண்ணெய நன்னா ஜில்லுன்னு ஆக்கித்தானே மடிச்சேன்?"

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"மழைக்காலம் இல்லையாம்மா" என்றேன்.

அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மழை என்ன பண்ணும், பாவம்" என்றாள். "இந்தக் கைதான்."