குப்பச்சி என்றால் திரும்பாத பிள்ளை

வேம்புவுக்கு அந்தப் பெயரை வைத்தது சாவை ஏமாற்றத்தான். அவளுக்கு முன் பிறந்தவை தங்கவில்லை. கசப்பாகப் பெயர் வைத்தால் எமன் தொடமாட்டான் என்று அப்பன் நினைத்தான். எமன் அவளை விட்டுவிட்டு, அவள் பெற்ற முதல் இரண்டையும் கொண்டுபோனான். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது விவசாயச் சங்க மாநாட்டுக்குத் தஞ்சாவூர் போனவள், பெரிய கோயில் அம்மன் சன்னதியில் நின்று, "இது தங்கினா உன் பேரைத்தான் வைப்பேன்" என்று வேண்டிக்கொண்டாள். பெண் பிறந்தது, தங்கியது. பெரியநாயகி என்று பெயர் வைத்தாள்.

வந்தது வினை. நன்னிலம் பக்கத்து அந்த ஊரில் பாதி நிலமும் வேம்புவின் தெரு முழுவதும் மிராசுதாருக்குச் சொந்தம். அவர் தாயாரின் பெயர் பிரகதாம்பாள். பெரிய வீட்டில் இருக்கும் பெயர் கூலிக்காரத் தெருவில் இருக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். பெற்றவள் கோபம் வந்தால் பிள்ளையை "அடியே" என்பாள் அல்லவா, அது பெரிய வீட்டு அம்மாவைத் தொட்டுவிடுமாம்.

"பேரு வேறதானேங்க," என்றாள் வேம்பு, மிராசுதாரின் காரியக்காரர் இராஜாங்கத்திடம்.

"பிரகதாம்பாளைத் தமிழ்ல சொன்னா பெரியநாயகி. எனக்கே காது குத்துறியா? குப்பச்சின்னு வை. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக்கொள்ளும் காலம் அது. கடைத்தெருவில் சுந்தரம் எழிலன் ஆனார், மீனாட்சி கயற்கண்ணி ஆனாள். மேடை போட்டு மாலை போட்டார்கள். அதையே வேம்பு செய்தால் குற்றம். என்ன நியாயமோ.

அவள் புருஷன் ஐயாவு வெலவெலத்துப் போய், "குப்பச்சிதாங்க" என்று கும்பிட்டான். அன்று முதல் ஊருக்குக் குப்பச்சி, வீட்டுக்குள் பெரியநாயகி. வெளியில் பிள்ளையைக் கூப்பிட நேராதபடி வேம்பு அதை இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். ஐயாவு வீட்டுக்குள்கூட "பாப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

பிள்ளைக்கு மூன்று வயதானபோது, எழுபத்தொன்றில், அடுத்தவர் மனையில் குடியிருக்கும் கூலிக்காரருக்கு அந்த மனையே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டது. வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து வீடு வீடாக எழுதப்போகிறார். அன்று வீட்டில் இருப்பவன் பெயர் ஏறும், இல்லாதவன் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான் என்று தெருவில் பேச்சு. வெள்ளிக்கு முன் ஆட்களைக் கிளப்பப் பெரிய வீடு சாக்குத் தேடியது. அதற்குள் இரண்டு குடும்பத்தைக் கிளப்பியாயிற்று.

"வெள்ளி வரைக்கும் வாயைக் கட்டிக்கிட்டு இரு," என்றான் ஐயாவு.

புதன்கிழமை நடவு. வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. வரப்பில் மிராசுதார் குடை பிடித்து நின்றார், பக்கத்தில் இராஜாங்கம். நாற்றுக்குக் குனிந்திருந்த வேம்பு நிமிர்ந்தபோது, மரத்தடியில் விட்டுவந்த பிள்ளை மதகைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

"குப்பச்சி" என்று கத்தினாள். திரும்பவில்லை. மறுபடி கத்தினாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அது பாட்டுக்கு நடந்தது. சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி ஓடிச் சேர முடியாது. மதகுக்கு நாலடிதான்.

"அடியே பெரியநாயகி, நில்லுடி."

பிள்ளை நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்துச் சிரித்தது. வேம்புவுக்குப் போன உயிர் வந்தது. வந்ததுமே வரப்பைப் பார்த்தாள். நடவு வரிசையில் ஒருத்தியும் நிமிரவில்லை. மிராசுதார் குடையை மடக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை இராஜாங்கம் நாலு ஆளோடு கூரை பிரிக்க வந்தார். வேம்பு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

"பிரிச்சுக்குங்க. தரையைச் சுருட்டிக்கிட்டுப் போக முடியாதுல்ல."

பிரித்தார்கள். கீற்று ஒவ்வொன்றாக விழுந்தது. ஐயாவு சுவரோரம் நின்று விழுந்த கீற்றை அடுக்கினான். அவன்மேல் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தபோது மொட்டைச் சுவருக்குள் மூவரும் இருந்தார்கள்.

"இங்க யாரும் குடியில்லீங்க. பாருங்க, கூரையே இல்ல," என்றார் இராஜாங்கம்.

அதிகாரி அடுப்பைப் பார்த்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. பேனாவைத் திறந்தார்.

"வீட்டுல யார் யாரு?"

"ஐயாவுங்க. சம்சாரம் வேம்பு."

"பொண்ணு பேரு?"

"குப்பச்சி. எழுதிக்கங்க," என்றார் இராஜாங்கம், ஐயாவுவை முறைத்தபடி.

ஐயாவு பிள்ளையைப் பார்த்தான். வேம்பு அவனைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"இல்லீங்க," என்றான் அவன். "பெரியநாயகி."

அப்பன் வாயில் அந்தப் பெயரை முதல் தடவையாகக் கேட்ட பிள்ளை, "என்னப்பா" என்றது.